இருக்கையைவிட டிக்கெட் அதிகம்: ஓவர்புக்கிங் இழப்பீட்டின் கணக்கு, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

150 இருக்கை உள்ள விமானத்துக்கு 160 டிக்கெட் விற்பது மோசடி இல்லையா?

முன்கூட்டியே சொல்லிவிட்டு விற்றால் பெரும்பாலான நாடுகளில் அது சட்டப்படி குற்றமில்லை. சொல்லாமல் விற்றதுதான் ஒரு காலத்தில் பெரிய வழக்கானது. அமெரிக்காவில் நுகர்வோர் உரிமைக்காகப் போராடிய ரால்ஃப் நேடர், 1972 ஏப்ரலில் அலெகெனி ஏர்லைன்ஸில் உறுதியான டிக்கெட் வைத்திருந்தும் ஏற முடியாமல் நின்றார். "இருக்கை உறுதி என்று சொன்னீர்களே, அதிகம் விற்றதை ஏன் சொல்லவில்லை" என்பதுதான் அவர் வழக்கு. 1976-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இத்தகைய ஏமாற்றுப் புகாரை நீதிமன்றமே விசாரிக்கலாம், விமான நிறுவனங்களை ஒழுங்குபடுத்திய அரசு அமைப்பான விமானத்துறை வாரியம் முதலில் கருத்துச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. ஓவர்புக்கிங் செய்வதைப் பயணிகளுக்கு அறிவிக்க வேண்டும் என்ற விதியும் அந்தக் காலத்தில்தான் வந்தது. அந்த வழக்கு ஓவர்புக்கிங்கை நிறுத்தவில்லை. மறைத்துச் செய்வதைத்தான் நிறுத்தியது.

நிறுவனங்கள் ஏன் இதைச் செய்கின்றன?

டிக்கெட் எடுத்தவர் எல்லோரும் வருவதில்லை. முந்தைய விமானம் தாமதமாகி இணைப்பு விமானத்தைத் தவறவிடுகிறார்கள். கூட்டம் தள்ளிப்போனதால் வேறு நேரத்துக்கு மாற்றிக்கொள்கிறார்கள். விசா வரவில்லை, உடம்பு சரியில்லை, தூங்கிவிட்டார்கள் என்று காரணங்கள் பல. இப்படி வராமல் போகிறவர்களைத் துறையில் நோ-ஷோ என்பார்கள். கதவு மூடிய பிறகு காலியாக இருக்கும் இருக்கையை யாருக்கும் விற்க முடியாது. எரிபொருள், ஊழியர் சம்பளம், தரையிறங்கும் கட்டணம் எல்லாம் ஏற்கெனவே செலவான பணம். அந்த இருக்கையில் ஒருவரை ஏற்றிச் செல்ல ஆகும் கூடுதல் செலவு மிகக் குறைவு, அதனால் அவர் தரும் கட்டணம் ஏறக்குறைய முழுவதும் லாபம்.

பயணிகளுக்கும் இதில் பங்கு உண்டு. 150 பேருக்கு மட்டும் விற்றுவிட்டு 138 பேருடன் பறந்தால், "இடமில்லை" என்று திருப்பி அனுப்பப்பட்ட பன்னிரண்டு பேர் போயிருக்கக்கூடிய இடம் வீணாகிறது.

எத்தனை டிக்கெட் கூடுதலாக விற்கலாம் என்பதை எப்படித் தீர்மானிக்கிறார்கள்?

ஒரு எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். இருக்கை 150. ஒவ்வொரு பயணியும் வருவதற்கான வாய்ப்பு 92 சதவீதம், ஒருவர் வருவதும் வராததும் மற்றவரைச் சார்ந்ததல்ல. டிக்கெட் விலை 100. வராதவருக்குப் பணம் திரும்பாது.

155 டிக்கெட் விற்றால் சராசரியாக 143 பேர் வருவார்கள். 150-ஐத் தாண்டுவதற்கான வாய்ப்பு அரை சதவீதத்துக்கும் குறைவு. 158 விற்றால் அது 6 சதவீதத்தை நெருங்கும்; பத்து விமானங்களுக்கு ஒருவர் வெளியே நிற்க வேண்டிவரும். 160-ல் வாய்ப்பு 17 சதவீதம். நூறு விமானங்களுக்கு 36 பேர். 165-ல் நிலைமை மாறிவிடுகிறது: ஒவ்வொரு விமானத்திலும் சராசரியாக இரண்டரைப் பேருக்கு இடமிருக்காது. விற்பனை ஒரே சீராக ஏறும்போது வெளியே நிற்பவர்களின் எண்ணிக்கை வேகமெடுத்து ஏறுகிறது. இந்தக் கணக்கில் மனதில் வைக்க வேண்டியது இதுதான்.

இனி பணக் கணக்கு. இடமில்லாமல் ஒருவரை இறக்கினால், அதாவது ஏற்றாமல் நிறுத்தினால், இழப்பீடு, சாப்பாடு, ஹோட்டல் எல்லாம் சேர்த்து 400 செலவு என்று கொள்வோம். 158-லிருந்து 160-க்குப் போனால் வரவு 200. கூடுதலாக வெளியே நிற்பவர் 0.26 பேர், அதற்கான செலவு சுமார் 104. லாபம். 160-லிருந்து 165-க்குப் போனால் வரவு 500, கூடுதலாக நிற்பவர் 2.1 பேர், செலவு சுமார் 840. நஷ்டம். ஒவ்வொரு டிக்கெட்டாகச் சோதித்துப் பார்த்தால் 161-ல் நிறுத்துவது சரியாக இருக்கும்.

எனவே விதி எளிது: கடைசி டிக்கெட்டின் விலை, அதனால் ஒருவர் வெளியே நிற்கும் வாய்ப்பையும் அவருக்காகும் செலவையும் பெருக்கிய தொகையைவிட அதிகமாக இருக்கும்வரை விற்கலாம்.

இழப்பீடு கூடினால் ஓவர்புக்கிங் குறையுமா?

குறையும். எவ்வளவு என்பதையும் அதே எடுத்துக்காட்டில் பார்த்துவிடலாம். ஒருவரை இறக்க ஆகும் செலவு 150 மட்டும் என்றால் 165 டிக்கெட்வரை விற்பது லாபம். 400 என்றால் 161. 1,000 என்றால் 159. செலவை ஏறக்குறைய ஏழு மடங்காக்கினால் விற்பனையில் குறைவது ஆறே டிக்கெட்தான், ஆனால் வெளியே நிற்பவர்களின் எண்ணிக்கை பத்தில் ஒரு பங்குக்குக் கீழே போய்விடுகிறது.

அதனால்தான் இழப்பீட்டை வெறும் ஆறுதல் தொகையாகப் பார்ப்பது போதாது என்கிறோம். பாதிக்கப்பட்டவருக்கு ஈடு செய்வது அதன் ஒரு பாதி வேலை. விமானம் புறப்படுவதற்குப் பல வாரங்கள் முன்பே, விற்பனை அளவைத் தீர்மானிக்கும் கணினியின் கையைக் கட்டுவது மறுபாதி. தொகையை மிகக் குறைவாக வைத்தால் நிறுவனம் தன் கணக்குத் தவறின் விலையைப் பயணியின் தலையில் கட்டிவிடும். தடை செய்யும் அளவுக்கு உயர்த்தினால் இருக்கைகள் காலியாகப் பறந்து, அந்தச் செலவு எல்லோருடைய கட்டணத்திலும் ஏறும்.

கணக்கு இவ்வளவு துல்லியம் என்றால் ஏன் இன்னும் தகராறு நடக்கிறது?

மேலே சொன்ன எடுத்துக்காட்டில் ஒரு பெரிய எளிமைப்படுத்தல் இருக்கிறது: ஒருவர் வருவது மற்றவரைச் சார்ந்ததல்ல என்று கொண்டோம். உண்மையில் மனிதர்கள் கூட்டமாக வருகிறார்கள், கூட்டமாகத் தவறவிடுகிறார்கள். 30 பேர் கொண்ட சுற்றுலாக் குழு வந்தால் முப்பதும் வரும், இல்லையென்றால் ஒன்றும் வராது. நாற்பது பேர் ஒரே இணைப்பு விமானத்திலிருந்து வர வேண்டியிருந்தால், அது சரியான நேரத்துக்கு வருகிறதா என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். சராசரி மாறாமல் இருந்தாலும் ஏற்ற இறக்கம் பெரிதாகிவிடும், அந்த ஏற்ற இறக்கம்தான் விமானம் ஏறும் வாசலான கேட்டில் தகராறாக வெடிக்கிறது.

இரண்டாவது, விமானம் மாறுவது. 180 இருக்கை விமானத்தில் கோளாறு, பதிலுக்கு 150 இருக்கை விமானம் வருகிறது. எந்த முன்கணிப்பும் இதற்கு உதவாது. மூன்றாவது, எடைக் கட்டுப்பாடு: கடும் வெயிலிலும் குறுகிய ஓடுபாதையிலும் விமானம் முழு எடையுடன் எழும்ப முடியாதபோது சில இருக்கைகளைக் காலியாக விட வேண்டிவரும். நான்காவது, வேறு ஊரிலிருந்து விமானத்தை இயக்க வேண்டிய பைலட்டுகளையும் பணியாளர்களையும் கடைசி நிமிடத்தில் ஏற்றுவது. கடைசியாகச் சொன்ன இந்த மூன்றிலும் விற்பனைப் பிரிவு ஒரு டிக்கெட்கூடக் கூடுதலாக விற்றிருக்காது. கேட்டில் நிற்கும் பயணிக்கு மட்டும் எல்லாம் ஒன்றுதான்.

யாரை இறக்குவது என்பதை எப்படி முடிவு செய்வது நியாயம்?

நான்கு பேருக்கு இடமில்லை என்று கொள்வோம். 154 பேரில் ஒருவர் நாளைக் காலை அறுவை சிகிச்சைக்குப் போகிறார். ஒருவர் விடுமுறை முடிந்து வீடு திரும்புகிறார், நாளை மாலை போனாலும் சரி. இருவருக்கும் அதே ஐந்து மணி நேரத் தாமதம்தான், ஆனால் அதன் விலை ஒன்றல்ல. யாருக்கு எவ்வளவு விலை என்பது நிறுவனத்துக்குத் தெரியாது, அவரவருக்கு மட்டுமே தெரியும். அந்தத் தகவலை வெளியே கொண்டுவர நமக்குத் தெரிந்த நேர்மையான வழி, பணம் கொடுத்துக் கேட்பது.

இதை முதலில் தெளிவாக முன்வைத்தவர் பொருளாதார அறிஞர் ஜூலியன் சைமன், 1968-ல். ஒவ்வொரு பயணியும் தன் இடத்தை விட்டுக்கொடுக்கக் குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும் என்று எழுதி மூடிய உறையில் கொடுக்கட்டும், குறைவாகக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டு மற்றவர்களை ஏற்றிச் செல்லலாம் என்றார். இது ஒருவகை ஏலம். நிறுவனங்கள் பத்தாண்டுகள் அதைக் கண்டுகொள்ளவில்லை. பிறகு பொருளாதாரப் பேராசிரியரான ஆல்ஃபிரட் கான் அமெரிக்க விமானத்துறை வாரியத்தின் தலைவராக இருந்தபோது, 1978-ல், முதலில் தாமாக விட்டுக்கொடுப்பவரைத் தேட வேண்டும் என்பது விதியானது. இன்று கேட்டில் "யாராவது அடுத்த விமானத்தில் வரத் தயாரா" என்று அறிவிப்பு வருகிறதே, அதன் வேர் அங்கேதான்.

அதற்கு முன்பு வழக்கத்தில் இருந்தது கடைசியாக வந்தவரை நிறுத்துவது, அல்லது எதிர்த்துப் பேச மாட்டார் என்று ஊழியர் நினைப்பவரை நிறுத்துவது. இரண்டாவது முறையில் முதியவர்களும் பழக்கமில்லாதவர்களும்தான் அடிபடுவார்கள். விதிமுறைப் புத்தகத்தில் இல்லாத இந்த அநீதியை ஒழித்தது ஏலத்தின் பெரிய சாதனை என்று நாங்கள் கருதுகிறோம்.

ஏலத்தில் எல்லோருக்கும் ஒரே தொகையா, அவரவர் கேட்டதா?

ஒரே தொகை கொடுப்பதுதான் சரி. மூன்று பேர் வேண்டும், கேட்பவர்கள் 100, 150, 200, 260, 400 என்று சொல்கிறார்கள் என்று கொள்ளுங்கள். அவரவர் கேட்டதையே கொடுத்தால் மொத்தம் 450 ஆகும், மலிவாகத் தெரியும். ஆனால் அடுத்த முறை 100 கேட்டவர் புத்திசாலித்தனமாக 190 கேட்பார், எல்லோரும் உயர்த்திக் கேட்பார்கள், உண்மையில் யாருக்குத் தாமதம் பெரிய பொருட்டல்ல என்பது குழம்பிப்போகும். அதற்குப் பதிலாக முதல் மூவருக்கும், நான்காமவர் கேட்ட 260-ஐக் கொடுத்தால், தன் தொகையை உயர்த்திக் கேட்டு யாருக்கும் லாபமில்லை. கூட்டிக் கேட்டால் வாய்ப்பை இழக்கலாம், அவ்வளவுதான். மனதில் உள்ளதையே சொல்வது சிறந்த உத்தியாகிவிடும்.

கேட்டில் வாய்மொழியாக ஏற்றிக்கொண்டே போகும் ஏலத்திலும் இதே சிக்கல் உண்டு. 400-க்கு ஒப்புக்கொண்டவருக்கு 400, கடைசியில் ஒப்புக்கொண்டவருக்கு 800 என்றால் அனைவரும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள். முதலிலேயே "கடைசியில் எந்தத் தொகைக்கு முடிகிறதோ அது எல்லோருக்கும்" என்று அறிவித்துவிட்டால் கைகள் சீக்கிரம் உயரும்.

செல்போன் செயலியில் முன்கூட்டியே கேட்பது ஏன்?

மலிவு என்பதால். டெல்டா நிறுவனம் 2011-லேயே செக்-இன் செய்யும்போது "எவ்வளவுக்கு விட்டுக்கொடுப்பீர்கள்" என்று கேட்கும் முறையைக் கொண்டுவந்தது. வீட்டில் இருப்பவர் தன் நாளை மாற்றியமைக்க நேரமிருக்கிறது, அதனால் குறைவாகக் கேட்பார். பாதுகாப்புச் சோதனை முடித்து, வாசலில் வரிசையில் நிற்பவர் அதிகம் கேட்பார். இருக்கையில் உட்கார்ந்து பெல்ட் போட்டவர் இன்னும் அதிகம் கேட்பார். கையில் வந்துவிட்ட பொருளை விட யாருக்கும் மனம் வராது. நிறுவனத்துக்கும் நேரம் போகப் போகச் செலவு ஏறும்: விமானம் தாமதமானால் பணியாளர் நேரம், அடுத்த பயணம், நூற்றைம்பது பேரின் இணைப்புகள் எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

2017-ல் சிகாகோவில் நடந்தது ஏலத்தின் தோல்வியா?

ஏலத்தை நடுவில் நிறுத்தியதன் தோல்வி. 2017 ஏப்ரல் 9 அன்று சிகாகோவிலிருந்து லூயிவில் செல்லும் யுனைடெட் எக்ஸ்பிரஸ் 3411 விமானத்தில் பயணிகள் ஏறி உட்கார்ந்த பிறகு, நான்கு பணியாளர்களுக்கு இடம் தேவைப்பட்டது. 400 டாலர், பிறகு 800 டாலர் வவுச்சர் என்று கேட்டார்கள், யாரும் வரவில்லை. அங்கேயே தொகையை ஏற்றுவதை நிறுத்திவிட்டு நான்கு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். மறுத்த ஒரு பயணியைப் பாதுகாப்புக் காவலர்கள் இழுத்துச் சென்ற காட்சி உலகம் முழுவதும் பரவியது.

நினைத்துப் பாருங்கள்: 800-க்கு யாரும் வராவிட்டால் 1,200-க்கோ 1,500-க்கோ நான்கு பேர் வந்திருக்கக்கூடும். மிச்சப்படுத்தப் பார்த்தது சில ஆயிரம் டாலர். ஊழியருக்குக் கொடுத்திருந்த உச்சவரம்பு அந்த இடத்தில் விலையை உடைத்துவிட்டது. விலை நின்ற இடத்தில் பலம் உள்ளே வந்தது. அந்த மாதமே யுனைடெட் தன் உச்சவரம்பை 10,000 டாலராக்கியது, டெல்டா 9,950 டாலர்வரை அனுமதித்தது. 2018-ல் வந்த அமெரிக்கச் சட்டம், செக்-இன் முடித்து விமானத்தில் ஏற அனுமதிக்கப்பட்டவரைப் பாதுகாப்பு போன்ற காரணமின்றிக் கட்டாயமாக இறக்கத் தடை போட்டது.

விளைவு எண்களில் தெரிந்தது. அமெரிக்காவில் 2016-ல் பத்தாயிரம் பயணிகளுக்கு 0.62 பேர் கட்டாயமாக நிறுத்தப்பட்டார்கள், 2017-ல் அது 0.34 ஆகக் குறைந்தது. அந்த 2016-லேயே கட்டாயமாக நிறுத்தப்பட்டவர்கள் சுமார் 40,000 என்றால், தாமாக விட்டுக்கொடுத்தவர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். அதாவது பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தகராறில்லாமல் முடிந்தது.

எந்த நாட்டில் எவ்வளவு இழப்பீடு?

இவை கட்டாயமாக நிறுத்தப்பட்டவருக்கான தொகைகள். தாமாக விட்டுக்கொடுப்பவருக்குத் தொகை பேரத்தில்தான் முடிவாகும்.

அமெரிக்காவில் மாற்று ஏற்பாடு உங்களைப் பழைய நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுசேர்த்தால் ஒன்றுமில்லை. உள்நாட்டில் ஒன்று முதல் இரண்டு மணி நேரத் தாமதத்துக்கு ஒருவழிக் கட்டணத்தின் இரு மடங்கு, 2025 ஜனவரி முதல் உச்சவரம்பு 1,075 டாலர். இரண்டு மணியைத் தாண்டினால் நான்கு மடங்கு, உச்சவரம்பு 2,150 டாலர். அமெரிக்காவிலிருந்து வெளிநாடு செல்லும் விமானங்களுக்கு இரண்டு மணிக்குப் பதில் நான்கு மணி. இந்த உச்சவரம்பு, சட்டப்படி நிறுவனம் கொடுத்தே ஆக வேண்டிய அளவுக்குத்தான். அதற்கு மேல் கொடுக்க எந்தத் தடையும் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி கட்டணத்தைப் பார்ப்பதில்லை, தூரத்தைப் பார்க்கிறது. 1,500 கிலோமீட்டர்வரை 250 யூரோ. ஒன்றியத்துக்குள் அதற்கு மேலும், மற்ற பயணங்களில் 3,500 கிலோமீட்டர்வரையும் 400. அதற்கும் மேல் 600. மாற்று விமானம் முறையே இரண்டு, மூன்று, நான்கு மணி நேரத் தாமதத்துக்குள் சேர்த்துவிட்டால் பாதியாகக் குறைக்கலாம். சாப்பாடும் தேவைப்பட்டால் ஹோட்டலும் தனி.

இந்தியாவில் பழைய நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் புறப்படும் மாற்று விமானம் தந்தால் இழப்பீடு இல்லை. 24 மணி நேரத்துக்குள் என்றால் ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்ததன் இரு மடங்கு, உச்சம் 10,000 ரூபாய். 24 மணியைத் தாண்டினால் நான்கு மடங்கு, உச்சம் 20,000 ரூபாய். மாற்று விமானமே வேண்டாம் என்றால் டிக்கெட் பணம் முழுவதும், அத்துடன் நான்கு மடங்கு, அதே 20,000 உச்சவரம்புடன். செல்லுபடியாகும் டிக்கெட் வைத்திருந்தவர்களை ஏற்றாமல் விட்டு, இழப்பீடும் தராததற்காக 2022 ஜூனில் ஏர் இந்தியாவுக்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது.

கனடாவில் 2019 ஜூலை முதல், சேரும் தாமதம் ஆறு மணிக்குள் என்றால் 900 கனடிய டாலர், ஒன்பது மணிக்குள் 1,800, அதற்கு மேல் 2,400.

கட்டணத்தை வைத்துக் கணக்கிடுவதா, தூரத்தை வைத்தா? எது நல்லது?

இது பார்ப்பதற்குச் சின்ன வேறுபாடு, விளைவோ பெரிது. கட்டணத்தின் மடங்காக வைத்தால், 60 டாலர் டிக்கெட்காரரை இறக்க 240 டாலர் போதும். 500 டாலர் டிக்கெட்காரருக்கு 2,000. யாரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. மலிவாகப் பயணம் செய்பவரின் நேரம் மலிவானது என்று சட்டமே சொல்வதுபோல் ஆகிவிடுகிறது. பல மாதங்கள் முன்பே திட்டமிட்டுத் திருமணத்துக்குப் போகிறவர்தான் பெரும்பாலும் குறைந்த கட்டணத்தில் இருப்பார், அவருக்கு அந்த நாளைத் தவறவிட முடியாது.

தூரத்தை வைத்தால் எல்லோருக்கும் ஒரே தொகை. 30 யூரோ டிக்கெட்டுக்கும் 250 யூரோ. மேலே சொன்ன 150 இருக்கை எடுத்துக்காட்டில் கட்டணம் 30, இழப்பீடு 250 என்று போட்டால் 159-ல் விற்பனையை நிறுத்த வேண்டிவரும். நான்கு மடங்கு விதியில் கட்டணம் எதுவானாலும் 161. எங்கள் பார்வையில் தாமதத்தின் நீளத்தை வைத்துக் கணக்கிடும் கனடாவின் முறை பயணியின் உண்மையான இழப்புக்கு நெருக்கமானது.

வவுச்சரா, பணமா?

ஒரே எண் எழுதியிருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. 500 வவுச்சர் நிறுவனத்துக்கு 500 செலவாகாது. பலர் பயன்படுத்தாமலே காலாவதியாக விட்டுவிடுவார்கள், பயன்படுத்துபவரும் பெரும்பாலும் இல்லாவிட்டால் காலியாகப் பறந்திருக்கும் இருக்கையில்தான் வருவார். அதனால்தான் முதலில் வவுச்சரை நீட்டுகிறார்கள்.

ஒப்புக்கொள்வதற்கு முன் கேட்க வேண்டியவை: எந்தத் தேதிவரை செல்லும், அந்தத் தேதிக்குள் பதிவு செய்தால் போதுமா அல்லது பயணமும் முடிந்திருக்க வேண்டுமா, ஒரே தடவையில் செலவழிக்க வேண்டுமா, மீதி நிற்குமா, வேறொருவர் பெயரில் டிக்கெட் எடுக்கலாமா, பண்டிகைக் காலத்தில் செல்லுமா, வரிகளுக்கும் பயன்படுமா. ஆண்டுக்கு ஒருமுறை பறப்பவர் வவுச்சரை அதன் முகமதிப்பில் பாதியாக மதிப்பது நல்லது.

கட்டாயமாக நிறுத்தப்பட்டவர் வவுச்சரை மறுத்துப் பணம் கேட்கலாம். அமெரிக்காவில் காசோலை கேட்பது உரிமை. ஐரோப்பாவில் நீங்கள் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால் மட்டுமே வவுச்சர் தரலாம்.

தாமாக விட்டுக்கொடுக்க நினைத்தால் எவ்வளவு கேட்பது?

முதலில் தாமதத்தின் உங்கள் சொந்த விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்: இழக்கும் வேலை நாள், மறுமுனையில் ரத்தாகும் அறை வாடகை, வண்டி, அலைச்சல். அதற்குக் கீழே எந்தத் தொகைக்கும் தலையாட்ட வேண்டாம்.

"சட்டப்படி 2,150 கிடைக்குமே, 600-க்கு ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்" என்று சிலர் காத்திருப்பார்கள். 150 பேரில் நால்வரை இறக்கப் போகிறார்கள் என்றால் அது உங்கள் மேல் விழும் வாய்ப்பு மூன்று சதவீதத்துக்கும் கீழே. காத்திருந்தால் பெரும்பாலும் நடப்பது, நீங்கள் வழக்கம்போல விமானம் ஏறிப் போவதுதான். கடைசியாக செக்-இன் செய்தவர், குறைந்த கட்டணத்தில் வந்தவர், அந்த நிறுவனத்தில் உறுப்பினர் அந்தஸ்து இல்லாதவர் என்றால் மட்டும் அந்த வாய்ப்பு கணிசமாக ஏறும்.

தொகையைவிட முக்கியம், அடுத்த விமானத்தில் உறுதியான இருக்கை. இருக்கை எண்ணுடன் போர்டிங் பாஸ் கைக்கு வரும்வரை பழையதைக் கொடுக்காதீர்கள். "ஸ்டாண்ட்-பை", அதாவது இடம் காலியானால் மட்டும் ஏற்றுவோம் என்று சொன்னால் இன்னொரு முறையும் வெளியே நிற்க நேரிடலாம். இரவு தங்க வேண்டுமானால் ஹோட்டல், சாப்பாடு, போக்குவரத்து மூன்றையும் தொகையோடு சேர்த்தே பேசுங்கள். தாமாக விட்டுக்கொடுத்தவருக்கு இவற்றைத் தர வேண்டும் என்ற கட்டாயம் பல இடங்களில் இல்லை. பேசி வாங்கியதுதான் மிச்சம்.

கட்டாயமாக நிறுத்திவிட்டார்கள். உடனே என்ன செய்வது?

"விருப்பத்தின்பேரில் விட்டுக்கொடுத்தேன்" என்ற பொருளில் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். சட்டப்படியான இழப்பீட்டை இழக்கப் பலருக்குக் காரணமாவது அந்த ஒரு கையெழுத்துதான். போர்டிங் மறுக்கப்பட்டது என்பதையும் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். செக்-இன் செய்த நேரம் தெரியும் ரசீதையோ திரைப்பிடிப்பையோ பத்திரப்படுத்துங்கள், ஏனெனில் "நேரத்துக்கு வரவில்லை" என்பதுதான் நிறுவனங்கள் முதலில் எடுக்கும் வாதம். ஐரோப்பிய விதியில் நிறுவனம் வேறு நேரம் குறிப்பிடாவிட்டால், புறப்படும் நேரத்துக்கு 45 நிமிடம் முன்னால் செக்-இன்னுக்கு வந்திருக்க வேண்டும்.

பிறகு மாற்று விமானமா, முழுப் பணமா என்று தீர்மானியுங்கள். மாற்று விமானத்தைத் தேர்ந்தெடுத்தால் புதிய சேரும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பல நாடுகளில் இழப்பீட்டின் அளவு அதைப் பொறுத்தது. சாப்பாடு, வண்டிச் செலவுக்கு ரசீது வைத்துக்கொள்ளுங்கள். இழப்பு மிகப் பெரிது, வழக்குப் போட நினைக்கிறீர்கள் என்றால், அமெரிக்காவில் காசோலையை மாற்றும் முன் யோசியுங்கள். மாற்றிவிட்டால் அதற்கு மேல் கேட்பது கடினம்.

எப்போது ஒன்றும் கிடைக்காது?

தாமதமாக வந்தால், ஆவணம் சரியில்லை என்றால், பாதுகாப்பு அல்லது உடல்நலக் காரணத்தால் ஏற்ற மறுத்தால். அமெரிக்காவில் இயக்கம் அல்லது பாதுகாப்புக் காரணத்துக்காகச் சிறிய விமானம் மாற்றப்பட்டாலும், 30 முதல் 60 இருக்கை விமானங்களில் எடைக் கட்டுப்பாடு வந்தாலும் கட்டாய இழப்பீடு இல்லை. ஐரோப்பாவில் இந்த வாசல் குறுகலானது: அசாதாரணச் சூழ்நிலை என்ற சாக்கு விமான ரத்துக்குச் செல்லும், போர்டிங் மறுப்புக்குச் செல்லாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2012-ல் ஃபின்ஏர் வழக்கில் சொல்லிவிட்டது.

ஓவர்புக்கிங்கையே தடை செய்துவிடலாமே?

செய்யலாம். சில நிறுவனங்கள் தாமாகவே விட்டிருக்கின்றன; சவுத்வெஸ்ட் 2017-ல் நிறுத்துவதாக அறிவித்தது. பணம் திரும்பாத டிக்கெட்டுகளை அதிகம் விற்கும் நிறுவனத்துக்கு வராதவரால் நஷ்டம் குறைவு என்பதால் அது எளிது. கடைசி நேரத்தில் இலவசமாக மாற்றிக்கொள்ளும் டிக்கெட்டுகளை விற்கும் நிறுவனத்துக்குக் கடினம். அந்த வசதியின் செலவை இன்று ஓவர்புக்கிங் தாங்குகிறது, தடை வந்தால் அந்த டிக்கெட்டின் விலை ஏறும் அல்லது வசதியே போகும். தடை வந்த பிறகும் விமானம் மாறுவதும் எடை கூடுவதும் நிற்காது, எனவே ஏலமும் இழப்பீடும் அப்போதும் வேண்டியிருக்கும்.

நான் இறங்கிவிட்டால் என் பெட்டி?

பெரும்பாலும் இறக்கப்படும், ஏறாத பயணியின் பெட்டியை விட்டுவைக்கப் பாதுகாப்பு விதிகள் பொதுவாக இடம் தருவதில்லை. பெட்டிகளுக்கு நடுவிலிருந்து தேடி எடுக்க நேரம் பிடிக்கும், அதனால் கைப்பையோடு மட்டும் வந்தவரைக் கேட் ஊழியர் விரும்பித் தேடுவார். அவசரத்தில் உங்கள் பெட்டி மட்டும் முன்னே போய்விடுவதும் நடக்கும். எனவே மருந்து, சார்ஜர், ஒரு மாற்றுடை ஆகியவற்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, பெட்டியின் டேக் எண்ணைப் புதிய விமானத்துக்கு மாற்றிப் பதிவு செய்யச் சொல்லி, அந்தத் துண்டுச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.